கறுப்பு அங்கி கைகொடுக்குமா?

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழ் மாணவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள்

“சார், நான் லா படிக்கலாமா?”

கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி அந்தப் பெண் கேட்டாள். பி.ஏ. தமிழ் இறுதியாண்டு. அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் கூலி வேலை. அம்மா வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறார். தம்பி பிளஸ் டூ. ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கேள்வி அதனால்தான் கொஞ்சம் பயந்த குரலில் வந்தது.

“எதுக்கும்மா லா?” என்றேன். சினிமாவைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் தன் பாட்டியின் கதையைச் சொன்னாள்.

பாட்டி பெயரில் ஒரு வீட்டு மனை. அதன் மீது ஒரு வழக்கு. தீர்ப்பு நாளன்று பாட்டி தனியாகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். எந்தக் கோர்ட் என்பது இங்கே வேண்டாம். தீர்ப்பு ஆங்கிலத்தில். வெளியே வந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர் மலையாளத்தில் இரக்கத்தோடுதான் சொன்னார்: “அம்மைக்கு அவகாசமில்லா.” பாட்டி வீட்டுக்கு வந்து சொன்னார்: “இன்னைக்கு அவகாசம் இல்லையாம். அப்புறம் கூப்பிடுவாங்க போல.”

தமிழில் அவகாசம் என்றால் நேரம், தவணை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. “உங்களுக்கு அந்த மனையில் உரிமை இல்லை” என்று தீர்ப்பானதை, “இன்று நேரம் இல்லை” என்று பாட்டி புரிந்துகொண்டார். முன்சிஃப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். பாட்டி காத்திருந்ததிலேயே அது கழிந்துவிட்டது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்லவும் ஒரு வக்கீல் வேண்டுமே!

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில். கல்லூரி முடிக்கப்போகும் மற்ற எல்லைத் தமிழ் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுத்தில் வருகிறது.

சொல்லுக்குள் இருக்கும் குழி

தமிழும் மலையாளமும் அக்கா தங்கை என்று மேடைகளில் சொல்கிறோம். நீதிமன்றத்தில் இந்த உறவே ஆளைக் கவிழ்த்துவிடும். முழுக்கத் தெரியாத மொழி என்றால் மனிதன் எச்சரிக்கையாக இருப்பான். பாதி தெரிந்த மொழியில் தைரியமாகத் தலையாட்டிவிடுவான்.

மலையாளத்தில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். நமக்குப் பிரதி என்றால் நகல். அங்கே விதி என்றால் தீர்ப்பு. நமக்கு அது தலையெழுத்து. அங்கே ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். நமக்கு அது சாட்சியம். அங்கே மொழி என்றால் வாக்குமூலம். “மொழி கொடுத்தீர்களா?” என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்த தொழிலாளி என்ன பதில் சொல்வார்?

படித்தவர்களுக்கும் இந்த இடறல் உண்டு. 2021 மே மாதம் கேரளச் சட்டமன்றத்தில் தேவிகுளம் தொகுதியின் புதிய உறுப்பினர் ஆ. ராஜா தமிழில் பதவிப்பிரமாணம் எடுத்துக்கொண்டார். அவரே ஒரு வழக்கறிஞர். அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த தமிழ் வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ என்ற சொற்களும் இல்லை, ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்ற பொருள் தரும் சொற்களும் இல்லை. இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது அரசியல் சாசனம். விளைவு, ஜூன் 2ஆம் தேதி அவர் மறுபடியும் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. செல்லாத பிரமாணத்தோடு அவையில் உட்கார்ந்த நாட்களுக்காக அபராதமும் விதிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் விடுபட்ட ஓரிரு சொற்களுக்குச் சட்டம் கொடுத்த விலை அது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் சுருக்கென்றது.

சட்டம் அடிப்படையில் சொல்லை வைத்துச் செய்கிற தொழில் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்த மண்ணில் என்ன வழக்கு?

எல்லைப் பகுதியில் வக்கீலுக்கு வேலை இருக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே இருக்கும் சிக்கல் வேறு எங்கே இருக்கிறது?

1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் உருவாவதற்கு முன்பு பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே உள்ள சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில். தேவிகுளம், பீர்மேடு மலைகள் திருவிதாங்கூரில். மூன்று அரசுகள், மூன்று விதமான நிலச் சட்டங்கள், மூன்று விதமான பத்திரங்கள். தாத்தா காலத்துக் காகிதம் ஒன்றைக் கையில் எடுத்தால், அது எந்த அரசின் கீழ் எழுதப்பட்டது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் இங்கே வழக்கு நடத்த முடியும்.

மூணாறு மலைகளின் கதை 1877ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் பெற்ற நிலத்தில் தொடங்குகிறது. அந்தத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏறிவந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்களில் வசிக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாறு சாலையை நிறைத்துப் போனஸும் கூலியும் கேட்ட பெண்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. அங்கேயும் இதே மக்கள்தான். கூலி, குடியிருப்பு, இழப்பீடு என எதைத் தொட்டாலும் சட்டம் வருகிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு 1951 முதல் இருந்த தனிச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. பழைய சட்டத்தில் கிடைத்தது புதியதில் எங்கே இருக்கிறது என்று லயத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்க ஆள் வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் வாருங்கள். பிளாச்சிமடை. சித்தூர் தாலுகாவில் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த சிற்றூர். 2000ல் அங்கே கொக்கோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனது என்று 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2003ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி மட்டுமே என்று அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை பிறகு முறையாக இயங்கவில்லை. இனித் திறக்கப்போவதில்லை என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனமே சொன்னது. இழப்பு சுமார் 216 கோடி ரூபாய் என்று 2010ல் அரசு அமைத்த குழு கணக்கிட்டது. இழப்பீட்டுக்காகத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007லேயே காலமாகிவிட்டார்.

சட்டம் படிக்க வரும் மாணவர் இந்த ஒரு வழக்கை மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை படித்தால் போதும். சட்டத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பது இரண்டும் அதில் இருக்கிறது.

மூன்று மொழி, மூன்று வேலை

தமிழ்வழியில் படித்தேன், சட்டம் படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும். ஆனால் கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலம் இல்லாமல் நடக்காது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடவடிக்கை ஆங்கிலத்தில்தான் என்பது அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவு. பாடநூல்கள், முன்தீர்ப்புகள் எல்லாமே ஆங்கிலம். தடுமாறாமல் பேச வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து அதன் சாரத்தை ஐந்து வரியில் எழுத வந்தால் போதும். அது வரவில்லை என்றால் விண்ணப்பிப்பதற்கு முன்பே ஓராண்டு உழைக்க வேண்டும்.

கேரளத்தில் தொழில் செய்வதென்றால் மலையாளம் எழுதவும் படிக்கவும் வர வேண்டும். பேசத் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, பத்திரம், வில்லேஜ் ஆபீஸ் பதிவுகள் எல்லாமே அந்த எழுத்தில்தான். கையெழுத்தில் எழுதிய பழைய பத்திரத்தைப் படிக்கிற பழக்கம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. ஒரு பத்திர எழுத்தர் பக்கத்தில் விடுமுறைக்கு இரண்டு மாதம் உட்கார்ந்தால் கிடைக்கும்.

தமிழ்? கட்சிக்காரர் உங்களை நம்புவது தமிழில். அவர் சொல்லும் கதையில் எது சாட்சியம், எது கோபம், எது பயம் என்று பிரித்தறிய அவர் மொழி உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இந்த இடத்தில் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஒரு சொல்லுக்கு உரையாசிரியர்கள் நான்கு விதமாகப் பொருள் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது, இதை எப்படிப் பிரிப்பது, முன்னால் வந்ததோடு இது பொருந்துமா என்று கேட்கப் பழகியவர்கள். சட்டப் பிரிவு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வக்கீல்கள் மோதுவதும் ஏறக்குறைய இதுதான். பி.ஏ. தமிழ் படித்துவிட்டேனே என்று கூச வேண்டாம்.

மொழி உரிமையே ஒரு பாடம் என்பதையும் மறக்க வேண்டாம். குறை தீர்க்கும் விண்ணப்பத்தை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது 350ஆவது பிரிவு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் எழுதிவைத்தது. எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால் அதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறை. இவையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். எழுந்து நின்று கேட்பவர் பெரும்பாலும் வக்கீலாக இருக்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கதவு?

சட்டப் படிப்புக்கு இரண்டு வழி. பிளஸ் டூ முடித்ததும் சேரும் 5 ஆண்டுப் படிப்பு. ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பின் சேரும் 3 ஆண்டுப் படிப்பு. இரண்டுக்கும் குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கு 45 சதவீத மதிப்பெண், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்பது பார் கவுன்சில் விதி. பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் செல்லாது. தபால் வழிச் சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டும் வக்கீலாகப் பதிய முடியாது. குறுக்குவழி விளம்பரங்களில் பணத்தை இழந்தவர்கள் பலர்.

கேரளத்தில் திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நான்கு ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் உண்டு. மாநில நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். கட்டணம் குறைவு, போட்டி அதிகம். இடுக்கியின் தொடுபுழாவிலும் பாலக்காடு மாவட்டத்திலும் தனியார், கூட்டுறவுக் கல்லூரிகள் இருக்கின்றன. கொச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர ‘கிளாட்’ என்னும் அகில இந்தியத் தேர்வு. 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், எல்லாமே ஆங்கிலத்தில் நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்வது. அங்கே ஆண்டுக் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். கல்விக் கடனை நம்பிச் சேர்பவர் அதை எந்த வருமானத்தில் அடைப்பார் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும்.

எல்லைக்கு அந்தப்புறம் கோயம்புத்தூரிலும் தேனியிலும் தமிழ்நாடு அரசின் சட்டக் கல்லூரிகள் உண்டு. வாளையார் வழியாக ஒரு பஸ், போடிமெட்டு வழியாக ஒரு பஸ். நுழைவுத் தேர்வு இல்லாமல் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. ஆனால் தமிழ் பேசினாலே தமிழ்நாட்டு இடஒதுக்கீடு கிடைத்துவிடாது. அது அந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கு. கேரளத்து மாணவர் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

எங்கே படித்தாலும் கேரளப் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளலாம். பதிந்த வக்கீல் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். ஆகவே, எங்கே தொழில் செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு கல்லூரியைத் தேடுவது நல்லது.

சான்றிதழ் என்னும் மலை

எல்லை மாணவர்கள் தடுக்கி விழும் இடம் மதிப்பெண்ணைவிடச் சாதிச் சான்றிதழ்தான். ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள சாதி இன்னொரு மாநிலத்தில் இல்லாமல் போகலாம். பெயர் ஒன்றாகவே இருந்தாலும், குடிபெயர்ந்து வந்தவர் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பம் எப்போது இங்கே வந்தது என்ற கேள்விக்குத் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி அளவுகோலாகிறது. எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய எஸ்டேட் பதிவேட்டை எங்கே போய்த் தேடுவது?

இது சாமானியர் தலைவலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன தேவிகுளம் உறுப்பினரின் தேர்தலே இதில் சிக்கியது. தனித் தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்று தொடரப்பட்ட வழக்கில் அவர் பின்பற்றும் மதமும், குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்த காலமும் கேள்வியாயின. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர் வெற்றி செல்லும் என்றது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், ஜூன் மாதத்தில் தாசில்தார் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் மாணவருக்கு எவ்வளவு முன்யோசனை வேண்டும்! விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். தாத்தாவின் வேலைச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பட்டம் வாங்கிய மறுநாள்

சட்டம் படித்துவிட்டால் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதிய வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் பல ஆயிரம் வசூலித்துவந்ததை 2024 ஜூலை 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடுத்தது. சட்டம் குறிப்பிடும் தொகையான 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. ஏழை மாணவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அடுத்து 2011 முதல் நடக்கும் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும்.

பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியர். கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, காத்திருப்பது. ஜூனியருக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் கேட்டுக்கொண்டது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பஸ் செலவுக்கே வீட்டில் கை நீட்டும் ஜூனியர்கள் சின்ன ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். வேறொரு முழுநேர வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே வக்கீலாக இருக்கவும் விதி அனுமதிக்காது. நீதிபதித் தேர்வு எழுதலாம் என்றால், சிவில் நீதிபதி பதவிக்கு 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் கொண்டுவந்தது. ஆக, பட்டம் வாங்கிய பிறகும் மூன்று நான்கு ஆண்டுகள் வீடு தாங்க வேண்டும். இந்தக் கணக்கை அப்பா அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

வக்கீல் தொழில் மட்டும்தான் வழி என்றும் இல்லை. தொழிலாளர் துறை, தொண்டு நிறுவனங்கள், வங்கிகளின் சட்டப் பிரிவு என்று வேறு இடங்களும் உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கணினி உதவியோடு தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. கணினி தரும் தமிழில் அவகாசம் எது, உரிமை எது என்று சரிபார்க்க, சட்டமும் மொழியும் தெரிந்த மனிதர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் குறைவு.

யார் போக வேண்டாம்?

‘ஜெய் பீம்’ பார்த்து லா படிக்கிறேன் என்றவர்களை எனக்குத் தெரியும். நல்ல படம். ஆனால் அதற்கு அடிப்படையான சம்பவம் நடந்தது 1993ல், உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2006ல். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பின்னால் 13 ஆண்டுகள். 2025ல் வந்த இந்திப் படம் ஒன்று பாலக்காட்டுக்காரரான சேற்றூர் சங்கரன் நாயரை நாடு முழுவதும் பேசவைத்தது. 1857ல் மங்கரையில் பிறந்து, சென்னையில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். ஜாலியன்வாலாபாக் கொடுமைக்குப் பின் 1919ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியவர். 1924ல் லண்டனில் ஓ’ட்வையர் தொடுத்த அவதூறு வழக்கில் உண்மையில் அவர் தோற்றார். மன்னிப்புக் கேட்க மறுத்துப் பணத்தைக் கட்டினார். அந்தத் தோல்விக்காகத்தான் இன்றும் நினைக்கப்படுகிறார்.

தோற்றாலும் மறுநாள் கட்டை எடுத்துக்கொண்டு போகத் தெம்பு இல்லாதவர்கள், நாற்பது பக்கம் படிக்கச் சலிப்பவர்கள், அடுத்தவர் பேசி முடிக்கும் வரை கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். உரக்கப் பேசுவது இதற்குத் தகுதியல்ல.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைசேரியில் வக்கீலாகி, 1957ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகி, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். ஏழைகளுக்குச் சட்ட உதவி எப்படித் தருவது என்று ஆராய்ந்த மத்தியக் குழுவுக்கு 1970களில் தலைமை வகித்தவரும் அவரே. இலவசச் சட்ட உதவி 1976ல் அரசியல் சாசனத்தில் இடம்பெற்றது. 1987ல் சட்டமாகி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. அந்தப் பெண்ணின் பாட்டிக்கும் உண்டு. அது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்

கடைசியாக அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். “விண்ணப்பம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் கோர்ட்ல போய் உட்காரும்மா. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்.” நீதிமன்றம் பொதுவாக யாரும் வந்து உட்காரக்கூடிய இடம். சித்தூரில் இருக்கிறது, தேவிகுளத்தில் இருக்கிறது, பீர்மேட்டில் இருக்கிறது. செல்போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்காரலாம். சினிமாவில் வருவது எதுவும் அங்கே நடக்காது. அது சலிப்பைத் தந்தால் வேறு படிப்பைப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரக் கேட்டுப் பாருங்கள். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. ஆறு மாதம் மனு எழுதிக் கொடுத்தால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்தாள். ஒரு நாள் போகச் சொன்னால் மூன்று நாள் போயிருக்கிறாள். கையில் ஒரு நோட்டு. நடுவில் கோடு போட்டு, கோர்ட்டில் காதில் விழுந்த மலையாளச் சொல் இடது பக்கம், தமிழ்ப் பொருள் வலது பக்கம். அறுபது எழுபது சொற்கள் இருக்கும். சரிபார்த்துத் தரச் சொன்னாள். இரண்டு இடங்களில் திருத்தினேன். அதில் ஒன்றை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “இல்ல சார், அன்னைக்கு அவங்க அந்த அர்த்தத்துல சொல்லல” என்று, யார் சொன்னது, அதற்கு முன்னால் என்ன கேள்வி வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

தம்பியின் கட்டணம், பஸ் செலவு, அந்த மூன்று நான்கு ஆண்டுகள் எதுவும் தீர்ந்துவிடவில்லை. நுழைவுத் தேர்வுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டாள். பாட்டியின் மனை விஷயமாக இருவரும் சேர்ந்து சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். மனுவைத் தமிழில்தான் எழுதினார்களாம்.